ஒலிக்கும் ஒளிக்கும் கூருணர்வு உள்ள மகளை இசை நாடகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்: எப்படித் தயாராவது?

மழைக்காலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிச நிலையில் இருப்பவள். நன்றாகப் பேசுவாள், நிறையப் படிப்பாள், தனக்குப் பிடித்தவற்றைப் பற்றி மணிக்கணக்கில் விளக்குவாள். ஆனால் எதிர்பாராத சத்தமும், கண்ணில் வெட்டும் வெளிச்சமும், நெரிசலும் அவளை மிக விரைவில் களைப்படையச் செய்துவிடும். ஒரு பெரிய இசை நாடகத்தின் பாடல் தொகுப்பு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அதை மேடையில் நேரில் பார்க்க வேண்டும் என்று அவளே சில மாதங்களாகக் கேட்டு வருகிறாள்.

அவளால் தாங்க முடியாது என்று நானாக முடிவு செய்து மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், ஆசைப்பட்டாளே என்பதற்காக எந்தத் தயாரிப்பும் இல்லாமல் இருட்டு அரங்கில் கொண்டுபோய் உட்கார வைக்கவும் விரும்பவில்லை. அரங்கின் இணையப் பக்கத்தில் "ஸ்ட்ரோப் விளக்குகள், துப்பாக்கி வெடிச் சத்தம், புகை ஆகியவை இடம்பெறும்" என்ற ஒரு வரி அறிவிப்பு மட்டுமே இருக்கிறது. ஸ்ட்ரோப் என்பது விட்டு விட்டு வேகமாக மின்னும் விளக்கு. அவை எப்போது வரும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எதுவும் இல்லை.

சாதாரணக் காட்சிக்குப் போவதா, ஒலி, ஒளி, அரங்க விதிகள் ஆகியவற்றைத் தளர்த்தி நடத்தும் ரிலாக்ஸ்டு காட்சி அறிவிக்கப்படும் வரை காத்திருப்பதா? எந்த இருக்கை ஏற்றது? காதுகளுக்கு எதை அணிவிப்பது? நடுவில் எழுந்து வெளியே போக நேர்ந்தால் மீண்டும் உள்ளே விடுவார்களா? எங்களுடன் என் தாயாரும் வருவார். அவர் இரண்டு காதிலும் செவித்துணைக் கருவி அணிபவர். பேத்திக்கு ஒலி அதிகம், பாட்டிக்கு ஒலி போதாது என்ற நிலையில் மூவரும் சேர்ந்து உட்கார்வது சாத்தியமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏழாம் வரிசை எழுதியது:

வணக்கம். நானும் ஆட்டிச நிலையில் இருப்பவன். வளர்ந்த பிறகே அது உறுதி செய்யப்பட்டது. இசை நாடகங்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்து வருகிறேன். உங்கள் மகளுக்குப் பாடல்கள் மனப்பாடமாக இருப்பதே பாதித் தயாரிப்பு என்பேன். எங்களைப் போன்றோரைத் திணற வைப்பதில் சத்தத்தின் அளவுக்கு உள்ள பங்கை விட, அது எப்போது வரும் என்று தெரியாமல் உடலை இறுக்கிக்கொண்டு காத்திருப்பதற்கு உள்ள பங்கு பெரும்பாலும் அதிகம். அந்த வகையில், வெறும் வசன நாடகத்தை விட இசை நாடகம் எங்களுக்கு இணக்கமானது. இசையின் வேகமும் நீளமும் வரையறுக்கப்பட்டவை. விளக்கு மாறும் இடங்களும் ஒலி விளைவுகளும் இசையின் குறிப்பிட்ட இடங்களோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் காட்சிக்கும் மறுநாள் காட்சிக்கும் நேர வேறுபாடு பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே, எந்தப் பாடலின் எந்த வரிக்குப் பின் விளக்கு வெட்டும், எங்கே வெடிச் சத்தம் கேட்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். அந்த ஒரு வரி அறிவிப்பை, பாடல் வரிசையோடு சேர்ந்த ஒரு பட்டியலாக மாற்ற முடிந்தால் மற்றவை எளிதாகும்.

ஆனால் பாடல் தொகுப்பை மட்டும் நம்பி அவள் வந்தால் சில இடங்களில் அதிர்ச்சி காத்திருக்கும். ஸ்டூடியோவில் பதிவு செய்த தொகுப்பில் கைதட்டல் இருக்காது. அரங்கிலோ ஒவ்வொரு பெரிய பாடலும் முடிந்த கணத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் கைதட்டுவார்கள், சிலர் சீழ்க்கை அடிப்பார்கள், பல சமயம் அதே கணத்தில் மேடை முழுவதும் இருட்டாகிவிடும். என் அனுபவத்தில் நாடகத்தின் வெடிச் சத்தத்தை விட இந்தக் கைதட்டலே கடினமானது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு: பாடலின் கடைசி வரி அவளுக்குத் தெரியும் என்பதால், அந்த வரி வரும்போதே காதுக் கவசத்தை இறக்கிக்கொள்ளப் பழக்கலாம். வீட்டில் தொகுப்பை ஓட விட்டு, பாடல் முடியும் இடங்களில் நீங்கள் கைதட்டி ஒத்திகை பார்க்கலாம். முதலில் மெதுவாகவும், அவள் ஒப்புக்கொண்ட பிறகு சற்று வேகமாகவும் தட்டுங்கள்.

குரலும் வேறாக இருக்கும். தொகுப்பில் பாடியவர் மேடையில் பாட மாட்டார் என்பதையும், அன்றைய தினம் முதன்மை நடிகருக்குப் பதிலாக மாற்று நடிகர் நடிக்கக்கூடும் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். மூச்சு விடும் இடம் வரை மனத்தில் பதிந்திருக்கும் குழந்தைக்கு இது சிறிய விஷயம் அன்று. மாற்று நடிகர் இருந்தால் நுழைவுக் கூடத்தின் பலகையிலோ நிகழ்ச்சிக் கையேட்டில் செருகிய தாளிலோ அறிவிப்பு இருக்கும். உள்ளே போகும் முன் அதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

ரிலாக்ஸ்டு காட்சி பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் பலர் சொல்வதிலிருந்து சற்று வேறுபடும். அந்தக் காட்சிகளை நான் மிகவும் மதிக்கிறேன். 2011 அக்டோபரில் நியூயார்க்கில் தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 'தி லயன் கிங்' நாடகத்தின் ஒரு காட்சியை ஆட்டிச நிலையினருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் ஏற்றவாறு அமைத்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளின் பகுதியான பிராட்வேயில் அப்படி அமைந்த முதல் காட்சி அது. லண்டனின் பேட்டர்ஸீ ஆர்ட்ஸ் சென்டர் 2020இல் இன்னும் ஒரு படி முன்னே சென்று, தனித்தனிக் காட்சிகளுக்கு மட்டும் என்றில்லாமல் அரங்கம் முழுவதற்குமே இந்த அணுகுமுறையை ஏற்றுக்கொண்டது. இத்தகைய காட்சிகளில் திடீர் ஒலிகளைக் குறைப்பார்கள், ஸ்ட்ரோப் விளக்கை நிறுத்துவார்கள் அல்லது தணிப்பார்கள், பார்வையாளர் பகுதியை முழு இருட்டாக்காமல் மங்கிய வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம். அமைதியாக உட்கார ஒரு தனி அறையும் பெரும்பாலும் இருக்கும்.

இவ்வளவு நன்மையும் இருக்க, ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் அரங்கில் உள்ள அனைவருக்கும் உரியது. ஒருவர் குரலெழுப்புவார், மற்றொருவர் இருக்கையை உதைப்பார், சிறு குழந்தை ஒன்று நடைபாதையில் ஓடும். அவை நியாயமானவை, அதற்காகத்தான் அந்தக் காட்சியே. ஆனால் உங்கள் மகளுக்கு மிகுந்த தொந்தரவு தருவது பிற மனிதர்களின் எதிர்பாராத சத்தம் என்றால், எல்லோரும் அசையாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கும் சாதாரண வாரநாள் மதியக் காட்சி அவளுக்கு அமைதியாக இருக்கக்கூடும். எனக்கு அப்படித்தான். அவளுக்கு எது கடினம் என்று அவளிடமே கேளுங்கள்: மேடையிலிருந்து வரும் சத்தமா, சுற்றியிருப்போர் சத்தமா, இருட்டா, அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயமா? முதலும் கடைசியும் என்றால் ரிலாக்ஸ்டு காட்சிக்காகக் காத்திருங்கள்.

ஒலிமேசை எழுதியது:

இசை நாடகங்களுக்கு ஒலியமைப்புப் பணி செய்பவன் என்ற முறையில் இருக்கை பற்றியும் காதுக் கவசம் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

மேடையிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் ஒலி குறையும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தற்கால அரங்குகளில் அது பாதி உண்மையே. எல்லா இருக்கைக்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஒலி சென்று சேர வேண்டும் என்பதே எங்கள் வேலை. அதற்காக மேடை முகப்பின் மேலும் இருபுறமும் முதன்மை ஒலிபெருக்கிகளும், மாடத்தின் அடிப்பகுதியில் சிறிய ஒலிபெருக்கிகளும் பொருத்தப்பட்டிருக்கும். மாடத்தின் முன்வரிசை மேடையிலிருந்து தொலைவில் இருந்தாலும், நடுவில் தொங்கும் ஒலிபெருக்கித் தொகுதிக்கு நேர் எதிரில் அமைந்துவிடுவது உண்டு. முதல் சில வரிசைகளில் தாழ்சுருதி ஒலிபெருக்கியின் அதிர்வு இருக்கை வழியாக உடலில் ஏறும். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தில் டிரம் இருக்கும் பக்கமும் அப்படியே. பக்கவாட்டு மாடப் பெட்டிகள் தனிமை தரும், நாற்காலியை நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலருக்கு மிகவும் வசதி. ஆனால் அவற்றில் பல, பக்க ஒலிபெருக்கிக்கு அருகிலேயே இருக்கும், மேடையின் ஒரு பகுதியும் மறையும். கீழ்த்தளத்தின் பின்பகுதியில், மாடத்தின் நிழலில், நடைபாதையை ஒட்டிய இருக்கைகளையே நான் பொதுவாகப் பரிந்துரைப்பேன். அங்கே முதன்மை ஒலிபெருக்கிகளின் தாக்கம் சற்றுத் தணிந்திருக்கும், கதவும் பக்கத்தில் இருக்கும். கூரை தாழ்வாக இருப்பதை அவள் விரும்பாவிட்டால் மட்டும் வேறு இடம் பாருங்கள். அதே பகுதியில் எங்கள் கட்டுப்பாட்டு மேசையும் இருக்கலாம், அதன் திரைகளின் வெளிச்சம் சிலர் கண்ணை உறுத்தும்.

நடைபாதை இருக்கைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. சில நாடகங்களில் நடிகர்கள் பார்வையாளர் நடுவே வருவார்கள். மேலே குறிப்பிடப்பட்ட 'தி லயன் கிங்' தொடங்குவதே அப்படித்தான்: விலங்கு உருவங்கள் நடைபாதை வழியாக மேடைக்கு ஊர்வலமாக வரும், தாளக் கலைஞர்களும் பார்வையாளர் பகுதியின் இரு பக்கங்களிலும் உயரத்தில் இருந்து வாசிப்பார்கள். சீட்டு வாங்கும் முன், நடிகர்கள் எந்த நடைபாதையில் வருகிறார்கள் என்று கேளுங்கள். சீட்டு விற்பனை அலுவலகத்துக்கு அது தெரியாவிட்டால், அரங்க மேலாளரிடம் கேட்டுச் சொல்லும்படி கோரலாம்.

இப்போது காதுக்கு வருவோம். பணியிடச் செவிப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. இது செவி சேதமடையாமல் இருப்பதற்கான கணக்கு. உங்கள் மகளின் வேதனைக்கும் இந்த எண்களுக்கும் தொடர்பில்லை. 80 டெசிபலிலேயே அவளுக்கு வலித்தால் அந்த வலி உண்மையானதே, அதைக் கைபேசிச் செயலியின் அளவைக் காட்டி மறுக்கக் கூடாது.

நுரை இயர்பிளக் மலிவானது, ஒலியை நன்றாகவே தடுக்கும். ஆனால் உயர்சுருதியை அதிகமாகவும் தாழ்சுருதியைக் குறைவாகவும் தடுப்பதால் சொற்கள் மழுங்கி, பாடல் சுவருக்கு அப்பால் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். பாடலின் ஒவ்வொரு சொல்லையும் அறிந்த குழந்தைக்கு அது பெரிய இழப்பு. இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டியுள்ள இயர்பிளக், எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ சமமாகக் குறைப்பதால் இசை இசையாகவே இருக்கும், அளவு மட்டும் இறங்கும். அதைக் காட்சி முழுவதும் அணிந்திருக்கட்டும். கைதட்டலுக்கும் வெடிச் சத்தத்துக்கும் அதன் மேல் காதை மூடும் கவசத்தை இறக்கிக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்து அணிந்தால் தடுப்பு இரு மடங்காகாது, அதிகமாகத் தடுக்கும் ஒன்றைக் காட்டிலும் சுமார் 5 டெசிபல் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் தன் கையால் கட்டுப்படுத்த ஏதோ ஒன்று இருக்கிறது என்ற உணர்வுக்கு அளவீடு கிடையாது. எந்தக் கவசமும் தாழ்சுருதி அதிர்வை முழுவதும் நிறுத்தாது, அது எலும்பு வழியாகவும் வரும். ஆகையால்தான் இருக்கைத் தேர்வை முதலில் எழுதினேன். புதிய இயர்பிளக்கை முதன்முதலாக அரங்கில் அணிவிக்காதீர்கள். காதுக்குள் ஒன்று அழுத்தும் உணர்வே அவளுக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம்.

இரு செவியும் எழுதியது:

உங்கள் தாயாரைப் பற்றிய பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். நானும் இரு காதிலும் கருவி அணிகிறேன்.

"பாட்டிக்கு ஒலி போதாது" என்பது முழு உண்மையாக இருக்காது. உள்செவி பாதிப்பால் கேட்கும் திறன் குறைந்த பலருக்கு, காதில் விழாத ஒலிக்கும் தாங்க முடியாத ஒலிக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகிவிடும். மெல்லிய வசனம் கேட்காது, அடுத்த கணமே இசைக்குழுவின் முழக்கம் வலிக்கும். ஆகவே பேத்தியும் பாட்டியும் நீங்கள் நினைப்பதை விட ஒரே கட்சியில் இருக்கிறார்கள்.

அவருக்குத் தேவை ஒலியைக் கூட்டுவதை விடத் தெளிவாக்குவது. அரங்கில் இண்டக்ஷன் லூப் (ஒலியைக் காந்த அலையாகச் செவித்துணைக் கருவிக்கு அனுப்பும் கம்பி வளையம்) இருக்கிறதா, அகச்சிவப்பு முறையா, வானொலி அலை முறையா என்று முதலில் விசாரியுங்கள். லூப் இருந்தால், அவருடைய கருவியில் டி நிலை என்னும் டெலிகாயில் வசதி இருந்து அது இயக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், மேடை ஒலிவாங்கியின் ஒலி அரங்கின் இரைச்சல் இல்லாமல் நேராகக் கருவிக்குள் வந்துவிடும். பல கருவிகளில் அந்த வசதி இருந்தும் இயக்கப்படாமலே கிடக்கும். காட்சிக்குச் சில வாரங்கள் முன்பே செவியியல் நிபுணரிடம் காட்டி இயக்கிக்கொள்ளுங்கள். லூப்பின் வலிமை எல்லா இருக்கையிலும் ஒன்றாக இருப்பதில்லை, எனவே அது நன்றாக வேலை செய்யும் பகுதியைக் கேட்டு அங்கே சீட்டு வாங்குங்கள். அகச்சிவப்பு முறையில் அரங்கமே ஒரு ஏற்பியைத் தரும். அதற்கும் ஒளி அனுப்பும் பெட்டிக்கும் இடையே மறைப்பு இருக்கக் கூடாது, தூணுக்குப் பின்னாலும் மாடத்தின் ஆழத்திலும் அது தடுமாறும். கருவியைக் கழற்றாமலே பயன்படுத்தக் கழுத்தில் அணியும் லூப் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வசனத்தை எழுத்தில் காட்டும் கேப்ஷன் இருந்தால் இன்னும் நல்லது. பிரிட்டனில் ஸ்டேஜ்டெக்ஸ்ட் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் மேடை நாடகங்களுக்கு எழுத்து வடிவம் தரும் பணியைச் செய்து வருகிறது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2018 முதல், வசனம் கண்ணெதிரே மிதப்பதுபோல் காட்டும் மூக்குக்கண்ணாடிகளை வழங்கத் தொடங்கியது. மேடையோரத் திரையில் கேப்ஷன் காட்டும் காட்சியானால், திரையும் மேடையும் ஒரே பார்வைக் கோட்டில் விழும் இருக்கையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காதுக் கவசம் அணிந்திருக்கும்போது வசனத்தைத் தவறவிடும் உங்கள் மகளுக்கும் அது உதவும்.

மூவரும் சேர்ந்து உட்கார்வதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவருடைய தேவைக்காகக் குடும்பத்தைப் பிரித்து உட்கார வைப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

கண்கூச்சம் எழுதியது:

ஒளி பற்றிச் சுருக்கமாகச் சில வரிகள். வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கே ஒளித்தூண்டல் வலிப்பு உண்டு. ஆனால் அது குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் அதிகம் காணப்படுவதால், உங்கள் மகளுக்கோ குடும்பத்தில் எவருக்கோ அந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஸ்ட்ரோப் உள்ள காட்சிக்குப் போக வேண்டாம். விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளியே பொதுவாக வலிப்பைத் தூண்டுவது. அந்த வகைக்காரர்கள் தூண்டல் வந்த கணத்தில் கண்களை மூடிக்கொள்வது போதாது, ஒளி இமை வழியாகவும் புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

வலிப்பு இல்லாமல் கூச்சம் மட்டும் உள்ளவர்களுக்கு, என்னைப் போல, முன்விளிம்புள்ள தொப்பியும் மங்கலான நிறக் கண்ணாடியும் பெரும் துணை. மேடையிலிருந்து பார்வையாளரை நோக்கி வீசும் விளக்குகள் தலைக்கு மேலிருந்து வருவதால் தொப்பியின் விளிம்பு அவற்றை மறைத்துவிடும். பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் இருக்க, மெல்லிய துணித் தொப்பியைத் தேர்ந்தெடுங்கள்.

அறிவிப்பில் உள்ள புகை பற்றியும் கேளுங்கள். விளக்கின் கதிர்கள் தெரிவதற்காக அரங்கில் பரப்பும் மென்புகை கிளைக்கால் கலவையாலோ கனிம எண்ணெயாலோ உருவாவது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தொண்டையில் உறுத்தலையும் இருமலையும் உண்டாக்கலாம், மணத்துக்குக் கூருணர்வு உள்ளவர்களுக்கும் தொந்தரவு தரலாம். முன்வரிசைகளில் அதன் அடர்த்தி கூடுதலாக இருக்கும்.

மழைக்காலம் எழுதியது:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை மகளிடம் படித்துக் காட்டினேன். ஏழாம் வரிசை அவர்கள் கேட்கச் சொன்ன கேள்விக்கு அவள் சொன்ன பதில் எனக்குப் புதிது: பிறர் சத்தம் அவளுக்குப் பெரிய பொருட்டல்ல, கைகளை ஆட்டாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் பயம் என்றாள். பாடல் பிடித்தால் அவள் கைகள் தாமாகவே அசையும். பக்கத்து இருக்கைக்காரர்கள் அதைக் கண்டித்தால் என்ன செய்வது என்று நானும் கவலைப்படுகிறேன்.

ரிலாக்ஸ்டு காட்சிக்கே போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அரங்கத்துக்கு நான் எழுதும் மின்னஞ்சலில் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும்? முதல் பாடலிலேயே அவள் வெளியே போக விரும்பினால் அதை எப்படிக் கையாள்வது?

முன்கூடம் எழுதியது:

அரங்கொன்றின் பார்வையாளர் சேவைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் மகள் கைகளை ஆட்டலாம், தாராளமாக ஆட்டலாம். ரிலாக்ஸ்டு காட்சியில் அதை யாரும் கண்டிக்கக் கூடாது என்பது நாங்கள் தொடக்கத்திலேயே அறிவிக்கும் விதி. சாதாரணக் காட்சியிலும் ஒரு குழந்தை மகிழ்ச்சியில் கைகளை அசைப்பது இடையூறு அன்று. எவரேனும் ஏதேனும் சொன்னால் நீங்கள் வாதிட வேண்டியதில்லை, எங்கள் ஊழியரை அழையுங்கள், பேசுவது எங்கள் பொறுப்பு.

மின்னஞ்சலில் மருத்துவ விவரம் எதுவும் எழுத வேண்டியதில்லை. என்ன நிலை என்பதை விட என்ன தேவை என்பதே எங்களுக்கு உதவும். "என் மகளுக்கு உரத்த திடீர் ஒலிகள் எந்தப் பாடலில், தோராயமாக எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்ற பட்டியல் தேவை" என்று நேரடியாகக் கேளுங்கள். பொது அறிவிப்பில் இல்லாவிட்டாலும், மேடை மேலாளரிடம் ஒவ்வொரு விளக்கு, ஒலி மாற்றமும் வரிசையாகக் குறிக்கப்பட்ட பிரதி இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அங்கங்களின் கால அளவும் பதிவாகிறது. அரங்கின் நுழைவாயில், சீட்டுச் சோதிக்கும் இடம், கழிப்பறை, இருக்கை, அமைதி அறை ஆகியவற்றின் படங்களோடு கூடிய வழிகாட்டிக் கையேடு இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள், ரிலாக்ஸ்டு காட்சிகளுக்குப் பெரும்பாலும் தயாரித்திருப்பார்கள். கூட்டம் இல்லாத வேறொரு நாளில் அவள் வந்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பார்வையற்றோருக்காக மேடைப் பொருள்களையும் உடைகளையும் தொட்டுப் பார்க்கும் சுற்று நடத்தும் அரங்கம் என்றால், அதில் இடமிருந்தால் இவளையும் சேர்த்துக்கொள்ளக் கேட்பதில் தவறில்லை. வெடிக்கப்போகும் துப்பாக்கி வெறும் மேடைப் பொருள் என்று முன்பே பார்த்துவிட்ட குழந்தைகள் அந்தக் காட்சியில் மிகவும் நிதானமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இவற்றைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது உறுப்பு, நாடகம் உள்ளிட்ட பண்பாட்டு நிகழ்ச்சிகளை அவர்கள் அணுகத்தக்க வடிவில் பெறுவதை உரிமையாகவே சொல்கிறது. எங்களுக்கு உண்மையில் கடினமாக இருப்பது, காட்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் வந்து கேட்கப்படும் கோரிக்கைதான்; இரண்டு வாரம் முன்பு வந்தால் அதே கோரிக்கையைப் பெரும்பாலும் நிறைவேற்றிவிடலாம்.

வெளியே போவது பற்றி: சாதாரணக் காட்சியில் வெளியே போனவரை மீண்டும் உள்ளே விட, பாடல்களுக்கு இடையே குறித்து வைத்த சில இடங்களுக்காகக் காத்திருப்போம், சில சமயம் பின்னால் நிற்க வைப்போம். ரிலாக்ஸ்டு காட்சியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே முதல் பாடலிலேயே அவள் எழுந்தால் உடனே கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். "இந்தப் பாட்டு முடியட்டும்" என்று கெஞ்சி உட்கார வைத்தால், திரும்பி வரும் வாய்ப்புதான் குறையும். பல அரங்குகளின் கூடத்தில் மேடையை நேரலையாகக் காட்டும் திரை இருக்கும். அங்கிருந்து பார்த்துக்கொண்டு, தனக்குப் பிடித்த பாடல் நெருங்கும்போது அவள் உள்ளே வரட்டும். உங்கள் தாயார் தனியே உள்ளே இருக்க நேருமே என்று தயங்க வேண்டாம்; வந்தவுடன் உங்கள் பகுதி ஊழியரிடம் சொல்லி வைத்தால் அவரைக் கவனித்துக்கொள்வார்.

இடைவேளைக்கு முந்தைய அங்கம்தான் பொதுவாக நீளமானது, அதன் இறுதிப் பாடல் பல நாடகங்களில் மிக உரத்ததாகவும் இருக்கும். அது முடிந்த உடனே எல்லோரும் கழிப்பறைக்கு விரைவார்கள். அங்கே வரிசையும் கைகளை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். அவளை அதற்குச் சில நிமிடங்கள் முன்பே அழைத்துப் போய்விட்டு, இடைவேளையில் இருக்கையிலோ அமைதி அறையிலோ இருக்கச் செய்யுங்கள்.

ஏழாம் வரிசை எழுதியது:

முன்கூடம் அவர்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். வெளியே போக வேண்டும் என்பதைச் சொல்ல அவளுக்குப் பேச்சு தேவைப்படாத ஒரு சைகையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். திணறும் நேரத்தில் நன்றாகப் பேசுபவர்களுக்கும் சொல் வராது. உங்கள் கையை இரு முறை அழுத்துவது போதும். அந்தச் சைகைக்கு நீங்கள் காரணம் கேட்க மாட்டீர்கள் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காட்சி முடிந்ததும் நடிகர்கள் வணங்கும்போது கைதட்டல் மிக நீளமாக இருக்கும். அதற்கு நின்று பார்ப்பதா, கடைசிப் பாடலோடு கிளம்புவதா என்பதை அவளே முன்னதாகத் தேர்ந்தெடுக்கட்டும். நின்று பார்த்தால் கூட்டம் வெளியேறிய பிறகு எழுங்கள். மறுநாளை எந்தப் பொறுப்பும் இல்லாமல் காலியாக வைத்திருங்கள். மகிழ்ச்சியான நிகழ்ச்சியாக இருந்தாலும் களைப்பு வரும், அது பெரும்பாலும் அடுத்த நாளில்தான் தெரியும். அவள் அன்று பேசாமல் படுத்திருந்தால் நாடகம் பிடிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். பிடித்ததா என்ற கேள்வியை இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள்.